கண்மாய்க் கரையில் மூன்று அடுப்புகள்

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், இராஜபாளையத்தில் தன் வீட்டு மொட்டை மாடியில், அனுசியா மூன்று அடுப்புகளை வரிசையாக வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றி நின்றாள். மூன்றில் எதுவும் ஒரு சாண் உயரத்தைத் தாண்டவில்லை.

"இது என்னட்டி, சொப்புச் சாமான் மாதிரி இருக்கு? இதுலயா கஞ்சி காய்ச்சப் போறோம்?" என்றாள் நாகஜோதி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக மாடிக்கு ஏறியிருந்தாள்.

"சொப்புச் சாமான்னா உன்னோடதையும் சேத்துச் சொல்லு. அதுல ஒண்ணு நீ வாங்குனது."

இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். இப்போது இருவருக்கும் நரை எட்டிப் பார்க்கிற வயது. நாகஜோதி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அனுசியாவுக்கு நூற்பாலையில் நூல் பரிசோதிக்கிற பிரிவில் வேலை. நூல் எந்த இழுப்புக்கு அறுகிறது, எம்புட்டு ஈரம் குடித்திருக்கிறது, முறுக்கு சரியாக விழுந்திருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, 'நல்லா இருக்கு' என்று யாராவது ஒரு பொருளைச் சொன்னால் 'எதை வச்சு சொல்றீங்க?' என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. கத்தரிக்காய் விற்கிறவர்களிடமும் கேட்பாள்.

போன வருஷம் இரண்டு பேரும் ஒரு குழுவோடு திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போயிருந்தார்கள். சாப்பாடும் காபியும் டெம்போவில் முன்னால் போய்விடும். வேகமாக நடக்கிற இளவட்டங்கள் போய்ச் சேர்ந்து சாப்பிட்டுப் படுத்தும்விடுவார்கள். இவர்கள் இருவரும் காலை இழுத்துக்கொண்டு போய்ச் சேரும்போது காபி ஆறியிருக்கும், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். நாகஜோதிக்கு வயிற்றில் புண். காய்ந்த வயிறாக இருக்கக்கூடாது, வெதுவெதுப்பாக எதையாவது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதி வழியில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே உட்கார்ந்துதான் சொன்னாள்: "அடுத்த வருஷம் நம்ம ரெண்டு பேரும் தனியாப் போவோம்டி. நமக்குத் தோணுற இடத்துல உக்காருவோம், காய்ச்சிக் குடிப்போம், பொறவு நடப்போம்."

"எதுல காய்ச்சுறது?" என்று அனுசியா கேட்டாள்.

அந்தக் கேள்விதான் வருஷம் முழுக்க அவளை விடவில்லை. சின்ன காஸ் டப்பா அடுப்பைப் பற்றி விசாரித்தாள். டப்பா தீர்ந்தால் வழியில் வாங்க முடியாது. மண்ணெண்ணெய் கிடைப்பதே இல்லை. ஆனால் போகிற வழி முழுக்க ரோட்டோரம் சீமைக்கருவேலம்தான். சுள்ளிக்குப் பஞ்சமே கிடையாது. மலையேறுகிறவர்கள் முதுகுப் பையில் போட்டுக்கொண்டு போகிற சின்ன விறகு அடுப்புகள் இருப்பதைச் செல்போனில் பார்த்த அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் தள்ளிப்போனது.

முதல் அடுப்பு அவள் வரவழைத்தது. பார்த்தால் எவர்சில்வர் தூக்குவாளி போல இருக்கும். ஆனால் உள்ளே இன்னொரு சுவர் உண்டு. வெளிச்சுவரில் அடியில் ஒரு வரிசை ஓட்டை, உள்சுவரில் மேல் விளிம்பை ஒட்டி ஒரு வரிசை ஓட்டை. இரண்டாவது, நாகஜோதி வாங்கிய மடக்கு அடுப்பு. தட்டையான ஐந்து தகடுகள். நான்கைக் கொக்கி மாட்டினால் பெட்டி, ஐந்தாவது அடித்தட்டு. பெட்டியின் ஒரு பக்கம் பாதி திறந்திருக்கும், அந்த வழியாகக் குச்சியைத் தள்ள வேண்டியதுதான். மடித்தால் புடவைக்கு நடுவில் வைத்துவிடலாம். மூன்றாவது, அனுசியாவின் வீட்டுக்காரர் சிவபாண்டி செய்தது. அவர் வேறொரு மில்லில் ஃபிட்டர். மனைவி அடுப்புக்கு ஆர்டர் போட்டதைப் பார்த்துவிட்டு, பாத்திரக் கடையில் சுற்றிலும் ஓட்டை போட்ட ஸ்பூன் ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வந்து, அடியில் ஒரு பக்கத்தை வாய் மாதிரி வெட்டி, "இந்தா, அடுப்பு" என்று நீட்டிவிட்டார்.

"முதல்ல உன் அடுப்பு" என்றாள் நாகஜோதி.

அனுசியா கருவேலஞ் சுள்ளிகளை விரல் நீளத்துக்கு ஒடித்துப் போட்டு, அடியில் காகிதம் வைத்துப் பற்றவைத்தாள். குபுகுபுவென்று புகை கிளம்பியது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டிருந்த தெலுங்குக்கார அம்மா தலையை நீட்டினார்.

"ஏமி அனுசியா? நம்ம வெள்ளைத் துணியெல்லாம் காயுது. அம்புட்டும் போச்சு போ!"

"செத்த நேரம்மா, இந்தா அடங்கிரும்."

அது அடங்கவில்லை. நாகஜோதி கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். அனுசியா அடுப்பைக் கொட்டி அணைத்துவிட்டு, பெட்டியோடு வந்திருந்த துண்டுக் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு படம் இருந்தது. அடுப்பு நிறையக் குச்சி, தீ மட்டும் உச்சியில். படத்தைத் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்றே முதலில் நினைத்திருந்தாள். அடியில் தீ வைத்து மேலே எரியவிடுவதுதானே உலக வழக்கம்? மேலே தீ வைத்தால் அது எப்படிக் கீழே இறங்கும்?

"இப்படியும் ஒருக்கப் பாத்துருவோம்" என்று குச்சிகளை நெருக்கமாக அடுக்கி, உச்சியில் தேங்காய் நாரை வைத்துக் கொளுத்தினாள்.

கொஞ்ச நேரம் சின்னதாக எரிந்தது. புகை லேசாக எழுந்தது. பிறகு, இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மேல் வரிசை ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சுடர் உள்பக்கமாக நீட்டிக்கொண்டு வந்தது. ஒன்று, அப்புறம் அடுத்தது, அப்புறம் சுற்றி வளைத்து எல்லாமும். புகையைக் காணோம். கீழே குச்சிகள் இன்னும் முழுசாகக் கிடக்கின்றன, மேலே வட்டமாகத் தீ.

"ஏட்டி! காஸ் அடுப்பு மாதிரியில்ல எரியுது!" நாகஜோதி எழுந்தே நின்றுவிட்டாள்.

அனுசியா முகத்தைச் சாய்த்து அடுப்பின் அருகே கொண்டுபோனாள். குச்சியில் தீ இல்லை. ஓட்டையில் தீ. ஓட்டையில் எரிவதற்கு என்ன இருக்கிறது? சத்தம் கேட்டு மாடியேறி வந்த சிவபாண்டியும் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்.

"இங்கேருங்க, ஓட்டைக்குள்ள என்ன எரியுது?"

அவர் தாடையைச் சொறிந்தார். "பொகைதான் எரியுது போலருக்கு. கீழ ஓட்டை வழியா காத்து போவுது, ரெண்டு சுவருக்கு நடுவுல சூடாவுது, மேல வந்து பொகையோட சேருது. சூடான காத்துல்ல, அதான் பொகை பத்திக்கிடுது."

"அப்படின்னா கீழ ஓட்டையை அடைச்சா?"

"அடைச்சுப் பாரு."

ஈரத் துணியை முறுக்கி அடி ஓட்டைகளைச் சுற்றிக் கட்டினாள். சுடர்கள் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டன. புகை எழுந்தது. துணியை எடுத்தாள். சற்றுப் பொறுத்துச் சுடர்கள் திரும்பி வந்தன. மறுபடி கட்டினாள், மறுபடி எடுத்தாள். நாகஜோதி, "தண்ணி கொதிக்குதான்னு பாக்க வந்தமா, இதோட வெளையாட வந்தமா?" என்று கேட்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள். பக்கத்து மாடியில் தலை நீளவில்லை. புகை இல்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மற்ற இரண்டையும் பார்த்தார்கள். ஸ்பூன் ஸ்டாண்டு நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் நாலாபக்கமும் ஓட்டை என்பதால் சூடு வெளியே வழிந்தது, பக்கத்தில் கால் வைக்க முடியவில்லை. நாகஜோதியின் மடக்கு அடுப்பு எல்லாவற்றிலும் பின்தங்கியது. பாத்திரத்தின் அடியில் அட்டைக்கரி பிடித்தது. அதில் தண்ணீர் கொதிப்பதற்குள் பக்கத்து வீட்டு அம்மா துணிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"பேசாம ரெட்டைச் சுவரு அடுப்பையே கொண்டு போவோம்" என்றாள் அனுசியா. "வேகம், பொகையில்ல, கரியில்ல."

நாகஜோதி தன் தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மடித்தாள். "மாடியில ஜெயிச்சது ரோட்டுல ஜெயிக்குமாட்டி? வெறகு உன் வீட்டுல காஞ்ச வெறகு. தரை சிமெண்டுத் தரை. நடந்து பாக்காம நான் ஒத்துக்கிட மாட்டேன்."

அந்த வாதத்தில் அனுசியாவால் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, மெயின் ரோட்டை விட்டு உள்ளே கண்மாய்க் கரைப் பாதைகள் வழியாக நாகஜோதியின் வீடு வரைக்கும் நடந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. மூன்று அடுப்பும் கூடவே வரும்.

*

விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். மேற்கே மலை இன்னும் மூட்டத்துக்குள் கிடந்தது. முதுகுப் பையில் போர்வை, அரிசி நொய், பாத்திரம், தண்ணீர் என்று யாத்திரைக்கு எடுத்துப் போகிற அத்தனையும் இருந்தது. ஊர் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் ஏறியதும் நாகஜோதி வயிற்றில் கை வைத்தாள். அங்கேயே முதல் நிறுத்தம்.

சுள்ளிக்குக் குறைவில்லை. ஆனால் இரவெல்லாம் பனி பெய்து எல்லாம் நனைந்து கிடந்தது. அனுசியா பொறுக்கி ஒடித்தாள். ஒடியும்போது 'படக்' என்ற சத்தம் வரவில்லை, நார் நாராய் மடங்கியது. இரட்டைச் சுவர் அடுப்பில் அடுக்கி உச்சியில் தீ வைத்தாள். நார் எரிந்து தீர்ந்தது, அவ்வளவுதான். மறுபடி வைத்தாள். புகை எழுந்து கண்மாய்த் தண்ணீர் மேல் படர்ந்து போயிற்று. மேல் ஓட்டைகளில் ஒரு சுடரைக் காணோம்.

அதற்குள் நாகஜோதி தன் தகடுகளை மாட்டி, காகிதத்திலும் ஒரு பனையோலைத் துண்டிலும் தீ மூட்டியிருந்தாள். நீளமான ஈரக் குச்சியின் நுனியை மட்டும் வாய்க்குள் வைத்தாள். அது சீறியது, நுரை தள்ளியது, பிறகு பற்றியது. எரிகிற நுனி தனக்குப் பின்னால் இருக்கிற ஈரத்தைத் தானே காய வைத்துக்கொண்டது. அவள் செய்ததெல்லாம் அவ்வப்போது குச்சியை ஒரு விரல் உள்ளே தள்ளியதுதான். புகை வரத்தான் செய்தது. நேரமும் ஆகத்தான் செய்தது. ஆனால் நொய்க்கஞ்சி வெந்துவிட்டது.

"மேடத்துக்கு ஒரு டம்ளர் வேணுமா?" என்று கேட்டாள் நாகஜோதி.

"ரொம்பத்தான் பண்ணாத" என்று அனுசியா டம்ளரை நீட்டினாள். அவளுக்குத் தோற்றுப்போன வருத்தம் பெரிதாக இல்லை. மில்லில் மழைக்காலத்தில் ஈரம் குடித்த பஞ்சு எப்படி முரண்டு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதே பஞ்சு ஈரம் சரியானதும் சொன்ன பேச்சைக் கேட்கும். சுள்ளி மட்டும் வேறு சாதியா? ஒரு கட்டுச் சுள்ளியைப் பொறுக்கி, முதுகுப் பையின் மேல் வெயில் படுகிற மாதிரி விரித்துக் கட்டினாள்.

"பாக்கிறவுக, வெறகு விக்கப் போறான்னு நெனைப்பாக" என்றாள் நாகஜோதி.

"நெனைச்சுக்கிடட்டும்."

வெயில் ஏறியது. பனி இருந்த சுவடே இல்லை. அந்த வருஷம் மழை சீக்கிரமே நின்றுவிட்டதால் வரப்போரப் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. மக்காச்சோளம் அறுத்த காடுகள், தென்னந்தோப்புகள், இடையிடையே பனைமரங்கள். மலைப் பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கியிருந்தது. உச்சி வெயிலுக்கு ஒரு பனைமர நிழலில் பைகளை இறக்கினார்கள்.

அனுசியா ஒரு சுள்ளியை ஒடித்தாள். 'படக்.' அவள் முகம் மலர்ந்தது.

இம்முறை இரட்டைச் சுவர் அடுப்பு மாடியில் எரிந்ததைவிட நன்றாக எரிந்தது. காற்று வீசினாலும் உள்ளே தீ ஆடவில்லை. சுடர் வளையம் முழுசாக வந்தது. நாகஜோதிகூட, "ஈரம் இல்லேன்னா இது ராசாதான், ஒத்துக்கிடுறேன்" என்றாள். பாத்திரத்தில் தண்ணீர் சலசலக்கத் தொடங்கியது. அனுசியாவுக்கு ஒரு சந்தேகம்: பாத்திரம் மேலே இருக்கும்போது சுடர்கள் எந்தப் பக்கம் வளைகின்றன? குனிந்து பார்த்தாள். சரியாகத் தெரியவில்லை. பாத்திரத்தின் நீளக் கைப்பிடியைத் துணியால் பிடித்து லேசாக ஒரு பக்கம் நகர்த்தினாள்.

தரை மேடு பள்ளமான மண். அடுப்பு ஒல்லி. மேலே நிறைந்த பாத்திரம். எல்லாம் சேர்ந்து சாய்ந்தது. அவள் கைப்பிடியைப் பிடித்திருந்ததால் பாத்திரம் தப்பியது, அடுப்பு உருண்டது. உள்ளேயிருந்த கங்கு அத்தனையும் வாய்வழியே புல்லில் கொட்டியது.

ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு காற்று ஒருமுறை வீசியது. புல் சரசரவென்று பற்றிக்கொண்டு வரப்போடு ஓடியது.

"ஏட்டி, தண்ணி! தண்ணிய ஊத்து!"

அனுசியா கையிலிருந்த கொதிநீரை ஊற்றினாள். நாகஜோதி இரண்டு பாட்டிலையும் திறந்து கவிழ்த்தாள். ஒரு பக்கம் அணைந்தது, இன்னொரு பக்கம் ஓடியது. அது ஓடுகிற திசையில் சோளத்தட்டைப் படப்பு ஒன்று வீட்டு உயரத்துக்கு நிற்பதை அனுசியா அப்போதுதான் பார்த்தாள். பக்கத்து வேம்பில் ஒரு கொப்பை முறித்து அடித்தாள். நாகஜோதி போர்வையை எடுத்துப் போட்டு அதன் மேல் ஏறி மிதித்தாள். தோப்புக்குள்ளிருந்து ஒரு பெண், நனைந்த சாக்கை இழுத்துக்கொண்டு, வாயும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய ஓடி வந்தாள்.

"யாரு அது? படப்புக்குத் தீ வைக்கவா வந்திய? கண்ணு அவிஞ்சா போச்சு? நாலு மாட்டுக்குத் தீவனமில்லா அது!"

திட்டிக்கொண்டே சாக்கை அடித்தாள். மூன்று பேரும் அடித்தார்கள். படப்புக்குப் பத்தடி முன்னால் தீ செத்தது. ஒரு ஜமுக்காளம் விரிக்கிற அளவுக்கு நிலம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

அனுசியா கொப்பைக் கீழே போட்டாள். அந்தப் பெண்ணைப் பார்த்து, "தப்பு எங்க மேலதான். என் கையாலதான் சாஞ்சது" என்றாள்.

அந்தப் பெண்ணின் பெயர் வெள்ளத்தாய். தோப்பும் காடும் அவளுடையது. இன்னும் கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு மூச்சு வாங்கியது. கருகின இடத்தைக் காலால் தேய்த்து, கங்கு எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்தாள். உருண்டு கிடந்த அடுப்பின் மேல் அவள் கண் போனது.

"அது என்ன வாளி?"

"அடுப்புக்கா" என்றாள் நாகஜோதி.

"அடுப்பா? இதுலயா? பைக்குள்ள வேற என்னமோ மினுங்குதே?"

"அதுவும் அடுப்புதான். அந்தா அது இன்னொண்ணு."

வெள்ளத்தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு டீ குடிக்க மூணு அடுப்பா? செத்த தூரம் போனா ரோட்டுல கடை இருக்குல்ல?"

நாகஜோதி விஷயத்தைச் சொன்னாள். திருச்செந்தூர், டெம்போ, ஆறிப்போன காபி, வயிற்றுப் புண் எல்லாம். வெள்ளத்தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளும் இரண்டு வருஷம் போனவள்தான். "டெம்போக்காரனுக அப்படித்தான், இருக்கவே மாட்டானுக" என்று ஒரே வார்த்தையில் அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டாள். "செரி, எந்திரிங்க. மோட்டார் ரூமுக்கு வாங்க. இந்த மூணும் எப்படி எரியுதுன்னு எனக்கும் பாக்கணும்."

"வேண்டாம்க்கா. இன்னைக்குத் தீயே வேண்டாம்" என்றாள் அனுசியா.

ஆனாலும் போனார்கள். பாட்டில்களை நிரப்ப வேண்டியிருந்தது. கிணற்றடியில் சிமெண்டுத் தொட்டி, வாய்க்கால், சுற்றிலும் ஈரத் தரை. அனுசியா முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளால் சும்மா இருக்க முடியவில்லை. மாடியில் எத்தனை பார்த்தோம்? வேகம் பார்த்தோம், புகை பார்த்தோம், கரி பார்த்தோம், கனம் பார்த்தோம். சாய்ந்தால் என்ன ஆகும் என்று ஏன் பார்க்கத் தோன்றவில்லை? சிமெண்டுத் தரையில் அது சாயவில்லை, அதனால் கேள்வியே எழவில்லை.

எழுந்து, தொட்டிக்குப் பக்கத்தில் மண்ணில் மூன்று அடுப்பையும் தீயில்லாமல் வைத்தாள். பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி இரட்டைச் சுவர் அடுப்பின் மேல் வைத்து, ஒற்றை விரலால் தள்ளினாள். தொட்டதுமே சாய்ந்தது. ஸ்பூன் ஸ்டாண்டை வைத்தாள். அதுவும் விழுந்தது, ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு. மடக்கு அடுப்பின் மேல் வைத்துத் தள்ளினாள். அது அசையவில்லை. அகலமாக, குட்டையாக, மண்ணைக் கவ்விக்கொண்டு நின்றது. இரண்டு விரலால் தள்ளினாள். நகர்ந்ததே தவிர விழவில்லை.

"நான் தள்ளுதேன்" என்று வெள்ளத்தாய் வந்தாள். அவள் தள்ளியதில் மடக்கு அடுப்பும் குடைசாய்ந்தது. "இந்தா விழுந்துருச்சுல்ல!" என்று வெற்றியோடு சொன்னாள்.

"மாடு முட்டுன மாதிரி தள்ளுனா விழத்தானேக்கா செய்யும்" என்று நாகஜோதி சொல்ல, மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் அனுசியாவுக்கு மறுபடி தீக்குச்சியைத் தொடத் துணிவு வந்தது.

பிறகு ஈரத் தரையில், தொட்டித் தண்ணீர் கைக்கெட்டுகிற இடத்தில், மடக்கு அடுப்பை மட்டும் மூட்டினார்கள். மூன்று டம்ளர் கட்டங்காபி. வெள்ளத்தாய் தன் பங்கைக் குடித்துவிட்டு, தீ எரிந்து தணிந்ததும், ஐந்தாவது தகட்டைக் குச்சியால் இழுத்துப் பார்த்தாள். கங்கெல்லாம் தட்டில் இருந்தது. அதை அப்படியே எடுத்து வாய்க்காலில் கவிழ்த்தாள்.

"இது தேவல. ஆனா எனக்கு அந்த ஓட்டைச் சட்டிதான் பிடிச்சிருக்கு" என்று ஸ்பூன் ஸ்டாண்டைக் காட்டினாள். "மாட்டுக் கொட்டாயில கொசு பிடுங்கி எடுக்கு. வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டு வச்சா நல்லாப் பொகையும்."

அடுப்பு என்று கொண்டுவந்தது இன்னொரு வீட்டில் தூபக்காலாகப் போவதில் அனுசியாவுக்கு ஒரு மறுப்பும் இல்லை. படப்பு பிழைத்ததற்கு அதைக் கொடுப்பது மிகக் குறைவு என்றுதான் தோன்றியது. "எடுத்துக்கிடுங்கக்கா" என்றாள்.

*

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாகஜோதியின் வீட்டில் இருவரும் கால்களை வெந்நீரில் விட்டு உட்கார்ந்திருந்தபோது, அனுசியாவைக் கூட்டிப் போக சிவபாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வழியில் கடையில் பால்கோவா வாங்கி வைத்திருந்தார். கருகிப்போன போர்வையைப் பார்த்ததும் முகம் மாறியது. அனுசியா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் போர்வையை விரித்துப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் சுடலையில்ல?"

"இல்ல."

"அந்தம்மாவுக்கு?"

"இல்ல. திட்டுனதுல தொண்டைதான் கட்டியிருக்கும்."

"எந்தப் பக்கமா விழுந்துச்சு? கைப்பிடி இருந்த பக்கமா?"

அனுசியாவுக்குச் சிரிப்பு வந்தது. தான் கட்டிக்கொண்டது சரியான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவர் இரட்டைச் சுவர் அடுப்பைத் திருப்பிப் பார்த்து, அடியில் மூன்று பக்கமும் கால் வைத்தால் விழாது என்றார். கால் வைத்தால் பையில் இடம் அடைக்கும் என்றாள் அனுசியா. மடங்குகிற கால் வைக்கலாமே என்றார். கால் மடங்கினால் அது மடக்கு அடுப்பு ஆகிவிடும், அதுதான் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறதே என்றாள் நாகஜோதி. வெந்நீர் ஆறும்வரை பேச்சு ஓடியது.

கடைசியில் அனுசியாவே சொன்னாள்: "மடக்கு அடுப்புதான் வருது. மெதுவா எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போவுது. ஈரக் குச்சியையும் தின்னுது, விழவும் மாட்டேங்குது. நமக்கென்ன, பஸ்ஸைப் பிடிக்கவா போறோம்? ஆனா ஒண்ணு. எங்க மூட்டுனாலும் முதல்ல புல்லைச் செதுக்கணும், பக்கத்துல தண்ணி வச்சுட்டுத்தான் தீக்குச்சியத் தொடணும்."

"இதை நான் மாடியிலயே சொன்னேன்" என்றாள் நாகஜோதி.

"நீ எங்கட்டி சொன்னே?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

*

தை மாதம் பச்சைச் சேலை உடுத்தி இருவரும் திருச்செந்தூருக்குக் கிளம்பினார்கள். மடக்கு அடுப்பு நாகஜோதியின் பையில் வந்தது. வெயிலுக்கு முன்னால் ஒருமுறை, வெயில் தாழ்ந்து ஒருமுறை, வயிறு கேட்கும்போது இடையில் ஒருமுறை என்று நிறுத்தினார்கள். அனுசியா ஒவ்வொரு முறையும் சின்ன மண்வெட்டிக் கரண்டியால் புல்லைச் செதுக்கி வட்டம் போட்டாள். கஞ்சி வேக நேரம் ஆனது; அந்த நேரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, போகிற வருகிற கூட்டத்தைப் பார்த்தார்கள். நாகஜோதி ஒருமுறைகூட வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. மைல்கல் எதிலும் அவள் உட்கார வேண்டி வரவில்லை.

சில பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இது எங்கக்கா கெடைக்கும்?" என்று கேட்டார்கள். நாகஜோதி பதில் சொல்வாள். அனுசியா, நல்லது கெட்டது இரண்டையும் சொல்லத் தொடங்குவாள். கேட்டவர்கள் பாதியிலேயே அரோகரா போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

இரண்டாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில், ஒரு ஊருக்கு வெளியே புளியமரங்களுக்கு அடியில் தங்கினார்கள். அங்கே இன்னும் சில குடும்பங்கள் இறங்கியிருந்தன. நாகஜோதி தகடுகளை மாட்டிக்கொண்டிருக்கும்போது அனுசியாவின் காதில் ஒரு சத்தம் விழுந்தது. வண்டு இரைகிற மாதிரி, மெல்லிசாக, விடாமல். திரும்பிப் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் பெயிண்ட் டப்பா ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். டப்பாவுக்குள்ளிருந்து தீ நிமிர்ந்து, கொல்லன் உலையில் வருகிற மாதிரிச் சீறிக்கொண்டிருந்தது. புகை துளிகூட இல்லை. டப்பாவின் அடியிலிருந்து ஒரு ஒயர் அவர் பைக்குள் போயிற்று.

"அந்தா பாருட்டி" என்றாள் அனுசியா.

"பாத்தேன். உக்காரு. கஞ்சி வைக்கணும்."

"நீ வை. நான் இந்தா வந்துருதேன்."

அவள் ரோட்டைக் கடந்து போய்விட்டாள். அவர் பெயர் கண்ணுச்சாமி. ஆலங்குளத்துக்காரர், எலக்ட்ரீசியன். அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அனுசியா கேட்பதற்கு முன்பே, "வாங்க, வந்து கேளுங்க. இவியகிட்ட யாராவது இதைப் பத்திக் கேக்க மாட்டாகளான்னு ரெண்டு நாளா பாத்துக்கிட்டு இருக்காக" என்றார் அந்த அம்மா.

"உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"கம்ப்யூட்டர் ஃபேன்மா. பழைய பெட்டியில கெடந்தது. செல்லு சார்ஜ் போடுற பேட்டரியில ஓடுது. கீழருந்து காத்தை ஊதுது, அம்புட்டுதான். இந்தக் குமிழைத் திருப்புனா கூடும், குறையும்."

"ஈரக் குச்சி போட்டா?"

"எரியும். கொஞ்சம் முணுமுணுக்கும்."

"பேட்டரி தீந்தா?"

"தீந்தா வெறும் டப்பா" என்று அவர் சிரித்தார். "திருப்பிப் பாக்குறீங்களா?"

அனுசியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தாள். குமிழை மெதுவாகத் திருப்பினாள். இரைச்சல் ஏறியது, தீ ஒரு முழம் எழுந்து நீலம் பாய்ந்தது. குறைத்தாள்; தீ உள்ளே போய்ப் பதுங்கியது. மறுபடி கூட்டினாள். ஊதினால் வேகமாக எரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எவ்வளவு ஊதினால் எரியும், எவ்வளவு ஊதினால் அணையும்? அந்த இடம் எங்கே இருக்கிறது? அவள் குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அதைத் தேடத் தொடங்கினாள்.

"ஏட்டி அனுசியா!" ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "கஞ்சி இறக்கியாச்சு!"

அனுசியா குமிழை விடவில்லை. நாகஜோதி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்பிலிருந்த கங்கைத் தட்டோடு எடுத்து நீரில் கவிழ்த்துவிட்டு, இரண்டு டம்ளரில் கஞ்சியை ஊற்றி, இரண்டு கையிலும் பிடித்தபடி ரோட்டைக் கடந்து வந்தாள். ஒரு டம்ளரை அனுசியாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, தன்னுடையதை ஊதிக் குடித்தாள்.

"என்னட்டி இது, இப்படிச் சீறுது?" என்று கேட்டுக்கொண்டே அவளும் குத்தவைத்து உட்கார்ந்தாள்.